பொட்டேட்டோ வோறனுக்கு ஒரு வெங்காயம்

மல்வேர்ன், ரொறன்ரோ
செப்ரெம்பர் 23, செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் றீற்றாவுக்கு,

இங்கே நானும் அப்பாவும் சுகம், ரைஸ் குக்கருக்கு மட்டும் கொஞ்சம் அடிப்பிடித்திருக்கிறது. அங்கே நீங்களும் உங்கள் தொண்டையும் சுகமாக இருக்க ஆண்டவரை மன்றாடுகிறோம். பெற்ற தாயை மகள் என்று எழுதுகிறாளே என்று யோசிக்க வேண்டாம். போன வருடம் நான் மூன்று மாதம் கியூபெக்கில் பிரெஞ்சு படிக்கப் போயிருந்தபோது நீங்கள் எனக்கு ஒரு கடிதம் எழுதினீர்கள், தொப்பி போட்டியா, சாப்பிட்டியா, ஆரோடையும் சண்டை பிடிச்சியா என்று நாலு பக்கம். இப்போது வீட்டை விட்டுப் போய் மேற்கே சஸ்கச்சுவான் பக்கம் ஊர் ஊராகப் பாடித் திரிவது நீங்கள், வீட்டில் லைற் அணைத்துக் கதவு பூட்டுவது நான், ஆகவே இந்தத் தடவை நான்தான் தாய், நீங்கள் பிள்ளை. நீ என்று எழுதிப் பார்த்தேன், கை வரவில்லை, வந்தாலும் நீங்கள் அகப்பையோடு வருவீர்கள் என்று விட்டுவிட்டேன். எழுத்துப் பிழைகளுக்குச் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பே பொறுப்பு. பொதிக்குள் கம்பளிக் காலுறை இரண்டு சோடி, மிளகாய்த்தூள், இருமல் மருந்து, ஒரு வெங்காயம் இருக்கும். வெங்காயம் தவறி விழவில்லை. காரணம் கீழே வரும், முதலில் வாசித்து முடியுங்கள், பிறகு வெட்டலாம்.

வீட்டுப் புதினம் என்றால் அப்பாதான். ஐந்து நாள் தொடர்ந்து பருப்புக் கறி வைத்தார், அன்புராசாவாக இருந்தவர் இப்போது பருப்புராசா. தன் வானை ஓட்டும்போது உங்கள் பாட்டைத்தான் போட்டுக் கேட்கிறார், நான் ஏறினவுடன் வானிலை அறிக்கைக்கு மாற்றிவிட்டு, நாளைக்கு மழையாம் என்கிறார், ஆனால் அவருடைய விரல் ஸ்ரியரிங்கில் இன்னும் உங்கள் தாளத்தைத்தான் தட்டிக்கொண்டிருக்கும். அது இருக்கட்டும், ஞாயிற்றுக்கிழமை போனில் நீங்கள் சொன்ன கதைக்கு வருகிறேன். கல்கரியில் ஒரு கொம்பனி உங்கள் பாட்டுக் குழு மூன்று பேரையும் நவம்பர் முடியும்வரை நிற்கச் சொல்லி, ஒரு இசைத்தட்டுப் பதிவும் இன்னும் பத்து ஊர்களில் மேடையும் தருவதாகக் கேட்டதாம், அடுத்த கிழமை வெள்ளிக்குள் பதில் வேணுமாம், நீங்கள் மாட்டன் என்று சொல்லப் போகிறீர்களாம். பிள்ளை தனிய, அப்பாவுக்குச் சமைக்கத் தெரியாது, வேலையில தந்த லீவு முடியுது, பாடினது காணும், நான் வாறன் என்றீர்கள். அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை, பருப்பு என்றபடியால் மட்டும் இல்லை.

நீங்கள் எல்லாவற்றையும் மறந்துவிட்டீர்கள் போலிருக்கிறது, அதனால் ஞாபகப்படுத்துகிறேன். நீங்கள் வேலை செய்யும் வெக்ஸ்போர்ட் முதியோர் இல்லத்தில் பன்னிரண்டாம் அறைக்காரரின் ரேடியோவில், வெள்ளைக்காரக் கிராமத்துப் பாட்டுப் போடும் ஒரேயொரு கன்ட்ரி நிலையம்தான் பிடிக்கும், அவருக்குச் சவரம் செய்துவிட்டே நீங்கள் அத்தனை பாட்டையும் பாடமாக்கினீர்கள், லொறி பழுதான பாட்டு, குதிரை செத்த பாட்டு, மனுசி விட்டுட்டுப் போன பாட்டு. பிறகு வீட்டிலும் பாடினீர்கள், பஸ்சிலும் பாடினீர்கள். மார்ச் மாதம் ஒரு நாள், வடக்கே ஒரு சின்ன ஊரில் நடக்கும் சந்தையின் பாட்டுப் போட்டிக்கு உங்கள் பாண்ட் தெரிவாகியிருக்கிறது என்று தபால் வந்தது. உங்களிடம் பாண்ட் என்று ஒரு இசைக்குழு அப்போது இல்லவே இல்லை. நீங்கள் அரை மணித்தியாலம் கதிரையில் இருந்துவிட்டு, இரவுச் சாப்பாட்டுக்குப் பாண் வாங்கிக்கொண்டு வாறன் என்று வெளியில் போனீர்கள். பாண் வாங்கப் போய்ப் பாண்டோடு வந்த ஒரே அம்மா இந்த நாட்டில் நீங்கள்தான். கோயிலில் கிற்றார் அடிக்கிற ஜூலியன் அங்கிளும், எனக்கு வயலின் படிப்பித்துக் களைத்துப்போன நிலாணி அக்காவும் பின்னால் வர வந்து நின்றீர்கள். கன்ட்ரி என்றால் நாட்டுப்பாட்டுத்தானே, நாட்டை ராகத்தில தொடங்குவமா என்று நிலாணி அக்கா கேட்டதும், ஜூலியன் அங்கிளின் கராஜுக்குள் பனிக்கால ரயர்களுக்கு மேல் இருந்து ஐந்து கிழமை பழகினதும் எனக்கு நேற்றுப் போல இருக்கிறது.

சந்தையில் நிலாணி அக்கா புதுப் பூட்ஸ் போட்டுச் சம்மணம் போட முடியாமல் பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு மேடையில் நிலத்தில் இருக்க, மைக்கை அவவின் முழங்கால் மட்டத்துக்கு இறக்கினார்களே. மூன்றாம் பரிசு. அதற்குப் பிறகுதான் எங்கள் சனத்துக்கு முன்னால் பாடக் கேட்டார்கள், ஸ்காபரோ மண்டபத்தில். அறிவிப்பாளர் கிறிஸ்துநாயகம் அங்கிள் தாளில் கன்ட்ரி சோங் என்று இருந்ததைப் பார்த்துவிட்டு, அடுத்து நாட்டுப் பாடல், சபையோர் எழுந்து நிற்கவும் என்றார். முந்நூறு பேர் எழும்பிக் கையை நேராக வைத்துக்கொண்டு நின்றார்கள், நீங்களும் வேறு வழியில்லாமல் பழுதான லொறியைப் பாடினீர்கள். இருக்கச் சொல்லி ஒருத்தரும் சொல்லாதபடியால் மூன்று பாட்டுக்கும் நின்றார்கள். முடிவில் ஸ்ரீஸ்கந்தராசா அங்கிள் கால் நோவோடு வந்து, பிள்ளை, உது எந்த நாட்டின்ர கீதம், அந்தச் சனம் சரியாக் கஷ்டப்பட்டிருக்குது போல என்றார். நான் சிரித்துக் கதிரையிலிருந்து விழுந்தேன், அப்பா தூக்கி விடவில்லை, அவரும் அப்போது விழுந்துகொண்டிருந்தார்.

இனி வெங்காயம். அம்மா, அந்தப் போட்டிக்கு உங்கள் பெயரை அனுப்பினது, நீங்கள் நினைக்கிறபடி, முதியோர் இல்லத்து மனேஜர் இல்லை. நீங்கள் அவவுக்கு நன்றி சொல்லி ஒரு தட்டு ரோல்ஸ் கொண்டுபோய்க் கொடுத்தீர்கள், அவவும் ஒன்றும் விளங்காமல் சந்தோசமாக வாங்கிச் சாப்பிட்டா. அனுப்பினது நான். பெப்ரவரியில் ஸ்னோ கொட்டிப் பள்ளிக்கூடம் பூட்டின நாள், நீங்கள் வெங்காயம் வெட்டிக்கொண்டு பாடினதை ஒளித்து நின்று படம் பிடித்தேன். அதைப் பார்த்த நடுவர்கள் என்ன உணர்ச்சி என்று எழுதியிருந்தார்கள், அந்தக் கண்ணீரின் பெருமை முழுக்க வெங்காயத்துக்குத்தான் போக வேண்டும். விண்ணப்பத்தில் எத்தனை பேர் என்று கேட்டது, வாயில் வந்தபடி மூன்று என்று போட்டேன். பாண்டின் பெயர் என்ன என்று கேட்டது, அந்த நேரம் நீங்கள் வேலைக்குப் போகக் கதவடியில் நின்று, போட்டு வாறன் பிள்ளை, குக்கரை நிற்பாட்டு என்று கத்தினீர்கள், போய்விட்டு வருவதைச் சொல்லும் அந்தப் போட்டு வாறனை அப்படியே ஆங்கில எழுத்தில் அடித்தேன். குக்கரை நிற்பாட்டவில்லை, அது வேறு கதை.

பகிடிக்குத்தான் செய்தேன் என்று சொன்னால் நீங்கள் மன்னித்துவிடுவீர்கள், அதனால் உள்ளதைச் சொல்கிறேன். அது நல்ல பகிடி இல்லை. அதற்கு முதல் கிழமை நீங்கள் பஸ்சில் பாட, என் வகுப்புப் பிள்ளைகள் பின்னால் இருந்து உங்களைப் போலவே இழுத்துப் பாடிச் சிரித்தார்கள், நான் உங்களைத் தெரியாதவள் மாதிரி ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தேன். போட்டிக்காரர்களும் வேண்டாம் என்று எழுதினால் நீங்கள் பாடுவதை விடுவீர்கள் என்று நினைத்தேன். சந்தைக்கும் போனைத் தூக்கிக்கொண்டுதான் வந்தேன், நீங்கள் பிழைவிடுவதைப் படம் பிடித்துப் பிள்ளைகளுக்குக் காட்ட. அந்த நாளின் வீடியோ எங்கே என்று நீங்கள் எத்தனை தரம் கேட்டீர்கள், அழிஞ்சுபோச்சு என்றேன். அழியவில்லை, எடுக்கவே இல்லை. நீங்கள் வாயைத் திறந்தவுடன் வைக்கோல் கட்டில் இருந்த தொப்பிக்காரர்கள் எல்லாரும் கதையை நிற்பாட்டினார்கள், நான் பட்டனை அமத்த மறந்துபோனேன். பக்கத்தில் இருந்த மனுசி, உது ஆர் என்று ஆங்கிலத்தில் கேட்டா. மை மதர் என்றேன். கேட்காதவர்களுக்கும் சொன்னேன். அந்த ஒரு சொல்லை எனக்கு அவ்வளவு சந்தோசமாகச் சொல்லத் தந்ததற்கு இன்றுவரை நான் உங்களுக்கு நன்றி சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன், நன்றி அம்மா. கோபம் இருந்தால் வெங்காயத்தை வெட்டுங்கள், அழுவதற்குக் காரணம் கேட்டால் ஜூலியன் அங்கிளுக்குச் சொல்ல வசதியாக இருக்கும்.

இனித் தாயாகச் சில புத்திமதி. வேலையைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், நேற்று நானே பஸ் எடுத்து மனேஜரிடம் போய் ரோல்ஸ் உண்மையை ஒப்புக்கொண்டேன், அவ சிரித்துவிட்டு, டிசம்பர் வந்தால் காணும், அவவின் இடம் இருக்கும் என்றா. பன்னிரண்டாம் அறைக்காரருக்கு என் போனில் உங்கள் பாட்டைப் போட்டுக் காட்டினேன், இரண்டாம் அடியில் அவசரப்படுகிறாவாம், மற்றும்படி குறையில்லையாம். அப்பாவிடம் கேட்டேன், அவர் சட்டியைப் பார்த்துக்கொண்டே, அவவுக்குச் சொல்லு, வீடு இஞ்சைதான் நிக்கும், ஓடாது எண்டு என்றார். எனக்கு உங்கள் நினைவு வராது என்று பொய் சொல்ல மாட்டேன், கதவடியில் உங்கள் வேலைச் சப்பாத்து இருக்கிறது, அதை நான் இடறி விழுகிறேன், ஆனாலும் எடுத்து வைக்கவில்லை. மேடைக்கு முதல் சுடுதண்ணீர் குடியுங்கள். சஸ்கச்சுவான் சனம் பாண்டின் பெயரை வாசிக்கத் தெரியாமல் உங்களைப் பொட்டேட்டோ வோறன் என்று கூப்பிட்டால் திருத்த வேண்டாம், வோறன் ஆம்பிளைப் பெயர் என்று நினைத்து உங்களில் ஆர் வோறன் என்று கேட்டால் ஜூலியன் அங்கிளே தொடர்ந்து கை தூக்கட்டும். அந்தப் பெயரைக் கேட்டு அறுவடை விருந்தில் தந்த உருளைக்கிழங்கு மூட்டையை உங்கள் வானோடு கட்டிக்கொண்டு திரியாமல் ஆருக்கும் கொடுத்துவிடுங்கள்.

ஒன்று மட்டும். எங்கள் சனம் கதவடியில் நின்று போறன் என்று சொல்லாது, போட்டு வாறன் என்றுதான் சொல்லும். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வெறும் வாறன் மட்டும் சொன்னீர்கள், முன்பாதியைக் காணவில்லை. பெயர் வைத்தது நான், அதைப் பாதியாக வெட்ட உங்களுக்கு உரிமை இல்லை. கல்கரிக்காரருக்கு ஓம் என்று சொல்லுங்கள், காலுறையைப் போடுங்கள். வேலைக்குப் போகும் முன் என் நெற்றியில் நீங்கள் போடும் சிலுவையை இந்தப் பக்கத்தின் அடியில் பேனாவால் போட்டிருக்கிறேன், நெற்றியை அதில் ஒரு தரம் ஒற்றிக்கொள்ளுங்கள், மை ஒட்டினால் நான் பொறுப்பில்லை. ஆண்டவர் உங்கள் மூன்று பேருக்கும் குரலையும் நல்ல ரோட்டையும் தருவாராக.

போட்டு வாங்கோ அம்மா.

உங்களைப் பெறாத தாய்,
நீங்கள் பெற்ற
மெலிசா