கும்பா அக்கா வீட்டு அடுப்பு

சொக்னா,

சண்டைக்கு முன் எடை பார்க்க டக்கார் அரங்குக்குக் கிளம்பிவிட்டேன். சாவி பக்கத்து வீட்டில், கும்பா அக்காவிடம் இருக்கிறது.

நீ சந்தைக்குப் போன நேரத்தில் அக்கா நம் பெரிய கரண்டியைத் திருப்பிக் கொடுக்க வந்தார். நமது கரண்டி அங்கே எப்படிப் போனது என்று கேட்டேன்.

"மூணு வாரமா உன் பொண்டாட்டி என் அடுப்புலதான் மீன் சோறு ஆக்குறா. வாசனை உன் மூக்குல ஏறக்கூடாதாம். பிள்ளைங்களையும் இங்கயே சாப்பிட வச்சு, வாய் கழுவித்தான் அனுப்புறா. இது தெரியாம மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டுத் திரியிற. நீயெல்லாம் ஒரு சண்டைக்காரன்!"

எடை குறைக்கிறவன் முன்னால் சோறு ஆக்குகிறாயே என்று அன்று நான் கத்தியது தப்பு. அந்தக் கோபத்தில்தான் நீ அடுப்பையே மூடிவிட்டாய், என்னோடு ஒரே தட்டைச் சுற்றி உட்காரவும் பிடிக்கவில்லை என்று நினைத்து வீம்பாக இருந்தேன். அரங்கில் ஒன்பது சண்டை போட்டிருக்கிறேன். இப்படி ஓர் அடியை எவனும் கொடுத்ததில்லை.

அரை கிலோ மிச்சம் இருக்கிறது. ஓடி வியர்த்துத் தீர்த்துவிடுவேன். மதியம் எடை பார்த்து முடித்ததும் சாப்பிடலாம். இன்று நம் அடுப்பிலேயே ஆக்கு. கதவைத் திறந்தே வை.

உசைனு

அக்காவையும் சாப்பிடக் கூப்பிடு. திட்டினால் கேட்டுக்கொள்கிறேன்.

இன்னொன்று. எப்போதும் நீதான் மீனைப் பிய்த்து எல்லார் பக்கமும் தள்ளிவிட்டு, முள்ளோடு மிஞ்சியதைச் சாப்பிடுவாய். இன்று பிய்ப்பது நான். நடுத்துண்டு உன் பக்கம்.