தாம்பூலம் எடுக்காத மல்லன் வேம்பனைப் பற்றித் தண்டநாயகருக்கு

திரு நிலைக்க, மழை பொய்யாதிருக்க, குவளையாற்றின் தென்கரை முழுவதையும் ஒரு குடைக்கீழ் ஆளும் கோவேள் மருதவரையரின் திருவடி நிழலில் இருந்து, தென்குவளை நாட்டுப் பெருமந்திரி வேளான் பொறையன், ஆற்றங்கரைப் பாசறையில் படையோடு காத்திருக்கும் தண்டநாயகர் இளவெயினருக்கு விடுக்கும் ஓலை. உமது தோள்வலி குன்றாதிருக்க. உமது யானைகளும் குதிரைகளும் நோயின்றி இருக்க. உமது கூடாரம் ஒழுகாதிருக்க. அது ஒழுகுவதாக நீரே எழுதியிருந்தீர்.

நீர் விடுத்த ஓலையில் இரண்டு செய்திகள் கேட்டிருந்தீர். ஆற்றைக் கடந்து வடகுவளை நாட்டின்மேல் பாய்வதற்கான ஆணை ஏன் இன்னும் வரவில்லை என்பது ஒன்று. போருக்கு வர மாட்டேன் என்று அவையில் சொன்ன கோழை வேம்பனைக் கட்டி அனுப்பினால் முன்னணியில் முதல் வரிசையில் நிறுத்தி வேல்பிடிக்கக் கற்றுக்கொடுக்கிறேன் என்பது மற்றொன்று. இரண்டுக்கும் விடை இவ்வோலையில் உண்டு. ஆனால் அது சற்றுச் சுற்றி வரும். வாசித்துக் காட்டுபவன் அவசரப்பட்டுக் கடைசி ஏட்டுக்குத் தாவினால் அவன் காதைத் திருகுவீராக.

ஆற்றின் நடுவே கிடக்கும், இப்போது வடகரைக் காவலர் நிற்கும் நாணல்திட்டில், நம் அரசர் மீன்பிடித்து இளைப்பாற எழுப்பிய பந்தலை வடகரையார் பிரித்துப் போட்டார்கள் என்பதால் மூண்டது இப்போர். பிரித்தது வடகரையாரா, ஆடிக்காற்றா என்பதில் எமக்கு இன்றும் ஐயம் உண்டு. அதை அவையில் சொன்ன அன்று அரசர் எம்மை வெகுநேரம் முறைத்தார். குடிகளுக்கோ இப்போரில் துளியும் ஒட்டுதல் இல்லை. இக்கரைப் பெண் அக்கரையில் வாழ்கிறாள், அக்கரையில் பிறந்தவள் இங்கே அடுப்பு மூட்டுகிறாள். உம்மோடுள்ள படை போதாதென்று, மாமன்மேலும் மைத்துனன்மேலும் வேல் எறிய வா என்று முரசறைந்தால் எவன் வருவான்? முரசு ஒரு தெருவில் நுழைந்ததும் கதவுகள் ஒவ்வொன்றாய்ச் சாத்திக்கொண்டன, வீட்டு வேல்கள் வைக்கோற்போருக்குள் போய் ஒளிந்துகொண்டன.

ஆகவே அரசரின் கண் நாட்டுமல்லன் வேம்பன்மேல் விழுந்தது. மற்போரில் அவனை வென்றவர் இரு கரையிலும் இல்லாதிருந்ததும், அவன் கோயிலுக்கு வந்தால் தாய்மார் தங்கள் பிள்ளைகளை அவன் கையில் கொடுத்து ஒருமுறை தூக்கச் சொல்லி வாங்கிப்போவதும் நீர் அறிந்தவையே. படை புறப்படும் முன் அரசர் நீட்டும் போர்த்தாம்பூலத்தில் முதற்கை நாட்டுமல்லனுடையதாக இருக்க வேண்டும் என்பது நம் நாட்டு முறை. வேம்பன் கை வைத்துவிட்டால் ஊரே பின்னால் வந்துவிடும் என்று அரசர் எண்ணினார். எண்ணியதில் பிழை இல்லை. வேம்பனை ஒரு வார்த்தை கேட்காமல் எண்ணியதுதான் பிழை.

தாம்பூல நாள் காலையில் வேம்பன் தன் மனைவி நங்கையிடம், இன்று அரசர் முன்னால் மாட்டேன் என்று சொல்லப் போகிறேன், என்ன ஆகுமோ தெரியாது என்றானாம். அவள் கலங்கவில்லை. மனசில் பட்டதைச் சொல்லிட்டு வா, திரும்பி வந்தால் சோறு இங்கே இருக்கும், வராவிட்டால் உன்னை எங்கே அடைத்து வைத்திருக்கிறார்களோ அங்கே கொண்டு வருகிறேன் என்று சொல்லி, அவன் இடுப்பில் நாட்டுமல்லனுக்குரிய வெள்ளிக்கச்சையைக் கட்டிவிட்டாளாம். அவன் அவைக்கு வந்தபோது முகம் வெளுத்திருந்ததை நாமே கண்டோம். எத்தனையோ பேரைத் தலைக்குமேல் தூக்கிய அந்தக் கைகளைக் கூப்பிக்கொண்டு நின்றான். தட்டு வந்தது, அரசர் நீட்டினார், கூப்பிய கை பிரியவில்லை.

வேம்பன் விண்ணப்பித்தது இது. அரசே, தாங்கள் போட்ட சோற்றில் வளர்ந்த உடம்பு இது. கோட்டைக்குள் பகைவன் புகுந்தால் வாசலில் முதல் ஆளாக விழுவேன். ஆனால் அக்கரை மல்லர் எல்லாரோடும் நான் பொருதிருக்கிறேன். வென்றபின் ஒவ்வொருவர் முதுகிலும் ஒட்டிய களத்து மண்ணை இந்தக் கையால் துடைத்துவிட்டிருக்கிறேன். மண் துடைத்தவனுக்கும் துடைக்கப்பட்டவனுக்கும் இடையே இரும்பு வரக்கூடாது என்பது எங்கள் சத்தியம். அவர்கள்தாம் அந்தப் படையின் முன்வரிசையில் நிற்பார்கள். எனக்கு ஒரு கெடுதலும் செய்யாத அவர்களை ஒரு பந்தலுக்காகக் குத்திவிட்டு வந்து நான் எப்படிச் சோறு உண்பேன்? தாங்கள் தரும் தண்டனையை ஏற்றுக்கொள்கிறேன், தாம்பூலத்தை எடுக்க மாட்டேன்.

பின்னர் அரசர் வாயிலிருந்து கோழை என்ற சொல் வந்தது. வேம்பன் பிறந்தது முதல் கேட்டிராத சொல் அது. பிடரியில் அடிபட்டவன்போல அவன் தலை குனிந்தது, காதுமடல் சிவந்தது. ஆயினும் சொன்னதை அவன் மாற்றிச் சொல்லவில்லை. எமக்கு நெஞ்சு வலித்தது என்பதை மறைப்பானேன்? அரசர் சினம் தலைக்கேறி எழுந்து, இவன் கச்சையை முறைப்படி பறித்து இவனை மலைக்கோட்டைச் சிறையில் அடைக்கும்வரை படை புறப்படாது என்று தம் பாட்டனாரின் வாள்மேல் கை வைத்து ஆணையிட்டார்.

முறைப்படி என்ற அந்த ஒரு சொல்தான் உம்மை மழையில் இருத்தியது. மண்ணில் பெற்ற கச்சையை மண்ணில்தான் பறிக்க வேண்டும், அவனை ஒருவன் களத்தில் வீழ்த்த வேண்டும், வீழ்த்தியவனுக்கே கச்சை. அந்தக் களமோ பாதி தென்கரை மண்ணாலும் பாதி வடகரை மண்ணாலும் நிரம்பியிருக்க வேண்டும். முன்னொரு போர் ஓய்ந்தபோது அதே பாட்டனாரும் அன்றைய வடகரைக் கோமானும் கைகோத்து வகுத்த முறை இது. ஆண்டுதோறும் மற்போர் விழாவுக்கு முன் பழைய மண்ணை வாரிக் குடிகளுக்குக் கொடுத்துவிட்டுப் புதுமண் இடுவார்கள் அல்லவா? நம் கெட்ட காலமோ நல்ல காலமோ, அப்போதுதான் களத்தை வாரி முடித்திருந்தார்கள். குழி வெறுமையாகக் கிடந்தது. தென்கரை மண் வண்டி வண்டியாக வந்தது. வடகரை மண்ணுக்கு எங்கே போவது? ஓடத்துறையை மூடி வைத்திருப்பவர் நீர்.

ஏதோ ஒரு மண்ணைக் கொட்டி வடகரை மண் என்று சொல்லிவிடலாம் என்று அவையில் ஒரு புத்திசாலி முணுமுணுத்தார். பாட்டனார் வாளைத் தொட்டுவிட்டுப் பொய் மண் இடுவதா என்று அரசர் சீறினார். நம் அரசருக்குக் கோபம் அதிகம், பொய் கிடையாது. அந்த இரண்டாவதற்காகவே முதலாவதைப் பொறுத்துக்கொண்டு இத்தனை ஆண்டுகள் காலம் தள்ளினோம். முடிவில், நும் நாட்டின்மேல் படையெடுக்க இருக்கிறோம், அதற்குமுன் களத்துக்குக் கொஞ்சம் மண் தந்து உதவுக என்று வடகுவளைக் கோமான் சாத்தனரையருக்கு நாமே ஓலை எழுதினோம். அதை எழுதியபோது எழுத்தாணி கூசியது.

சாத்தனரையர் சிரித்திருக்கலாம், தூதனைக் கட்டி வைத்திருக்கலாம். அவர் மண்ணை அனுப்பினார். அதை வண்டியில் அனுப்பவில்லை. வடகரை மல்லர்களே, வேலுமின்றி வாளுமின்றி, ஆளுக்கொரு கூடையைத் தலையில் சுமந்து வந்தார்கள். உமது காவலர்கள் அவர்களை மண் கூலியாட்கள் என்று எண்ணித் துறையில் விட்டுவிட்டார்கள் போலும். அவர்களைக் கடிந்துகொள்ள வேண்டாம். முன்னால் வந்தவன் பூழியன், போன விழாவில் வேம்பனிடம் தோற்று ஒரு காது கிழிந்து போனவன். நம் தலைநகரான மணிவாயிலின் தெருக்களில் அவர்களைக் கண்டு முதலில் கதவைச் சாத்தியவர்கள், கூடையில் இருப்பது மண் என்று கண்டதும் மோர்ப்பானையோடு வெளியே வந்தார்கள்.

களம் நிரம்பியது. வேம்பன் நடுவில் நின்றான். நம் மல்லர்களை ஒவ்வொருவராக அழைத்து அவனை வீழ்த்துமாறு அரசர் பணித்தார். முதலாமவன் இறங்கினான், மண்ணை எடுத்து மார்பில் பூசினான், வேம்பன் காலடியில் தானே மல்லாந்து படுத்தான். அடுத்தவனும் அவ்வாறே. மல்லாந்தவன் தோற்றவன் என்பது முறை. ஆகவே தொடாமலே தோற்றவர்களை ஒவ்வொருவராகத் தூக்கி, முதுகு மண்ணைத் துடைத்துவிடுவதே வேம்பனுக்கு வேலையாகப் போயிற்று. அவன் கண்கள் நிறைந்து வழிந்தன, துடைத்துக்கொள்ளக் கை ஒழியவில்லை.

அரசருக்குச் சினம் பொங்கியது. காது கிழிந்தவனுக்காவது வன்மம் இருக்குமே, அவன் இறங்கட்டும் என்றார். களத்து மண்ணைச் சுமந்து வந்தவனுக்குப் பொரும் உரிமையும் உண்டு. வடகரையான் வென்றால் என்ன நேரும் என்பது எமக்கு அக்கணமே விளங்கியது. ஆயினும் வாய் திறக்காமல் களத்தோரக் கொட்டகையின் தோரணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பூழியன் படுக்கவில்லை. உன்னிடம் பொய்யாகத் தோற்றால் உன்னை அவமதித்தவன் ஆவேன் என்று வேம்பனிடம் சொல்லிவிட்டுக் கை கோத்தான். தண்டநாயகரே, நாம் எத்தனையோ மற்போர் கண்டிருக்கிறோம், அப்படியொன்றைக் கண்டதில்லை. தோற்றால் மலைக்கோட்டை, நங்கை சோற்றுப்பானையோடு அந்த மலைப்படிகளில் ஏற வேண்டும். அந்த நினைவு வேம்பனின் ஒவ்வொரு பிடியிலும் தெரிந்தது. இருமுறை பூழியனைத் தரைக்கு மிக அருகே கொண்டுபோனான். இறுதியில் பூழியன் அவன் இடுப்பைப் பற்றி ஒரு சுழற்று சுழற்ற, நாட்டுமல்லன் வேம்பனின் முதுகு முதன்முறையாக மண்ணில் பட்டது. பூழியன் அவனை எழுப்பி அமர்த்தி, இரு கைகளாலும் அவன் முதுகைத் துடைத்துவிட்டு விம்மி அழுதான்.

முறை முறையே. அரசர் தம் கையால் கச்சையை அவிழ்த்துப் பூழியனுக்குக் கட்டினார். வாள்மேல் இட்ட ஆணை நிறைவேறியது; இனிப் படை புறப்படலாம். போர்த்தாம்பூலம் வரட்டும் என்றார் அரசர். நம் அரண்மனையில் தட்டு ஏந்துபவர் முறை வழுவாதவர் என்பது உமக்குத் தெரியும். கச்சை எங்கேயோ அங்கேதானே முதற்கை? அவர் நேராக நடந்துபோய்ப் பூழியன் முன்னால் தட்டைத் தாழ்த்தி நின்றார்.

பூழியன் தட்டைப் பார்த்தான், வேம்பனைப் பார்த்தான், கை கூப்பினான். அரசே, என் ஊர்மேல் நானே படைகொண்டு போவதா, அப்புறம் என் வீட்டுக்காரி எனக்குச் சோறு போடுவாளா என்று பணிவோடு கேட்டான். இவர் எதனால் மாட்டேன் என்றாரோ அதனாலேயே நானும் மாட்டேன், எனக்கும் ஒரு மலைக்கோட்டை பார்த்து வையுங்கள் என்றான். பெண்கள் இருந்த பக்கத்தில் யாரோ அடக்கமாட்டாமல் சிரித்தார்கள். அரசர் திரும்பினார், நம் தலை போயிற்று என்று நினைத்தோம். ஆனால் அவர் உதடு துடித்தது, தோள் குலுங்கியது, மணிமுடி சரிய அரசரே சிரித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணீர் வந்தது; வந்த கண்ணீர் சிரிப்பு நின்ற பிறகும் நிற்கவில்லை.

பின்பு அவர் பாதுகையைக் கழற்றிவிட்டுக் களத்தில் இறங்கினார். வேம்பன் முதுகில் மிஞ்சியிருந்த மண்ணைத் தம் கையால் துடைத்தார். மலைக்கோட்டைக்குப் போக வேண்டியிருந்தும் ஒரு பிடியைக்கூட விட்டுக்கொடுக்காமல் பொருதவனை நாம் கோழை என்றோம், அந்தச் சொல் நம் வாயில் பிறந்தது, நம் வாயிலேயே அழியட்டும் என்று எல்லாரும் கேட்கச் சொன்னார். சிறைத் தண்டனையை நீக்கி, என்ன வேண்டும் என்றும் கேட்டார். வேம்பன் கச்சையைக் கேட்கவில்லை. அடுத்த விழாவில் அதை நானே பொருது பூழியனிடம் வாங்கிக்கொள்கிறேன்; அந்தக் களத்தை நாணல்திட்டிலேயே போட வேண்டும், இருகரை மண்ணோடு திட்டு மண்ணும் கலக்க வேண்டும் என்றான். அரசர் இசைந்தார். சாத்தனரையரும் இசைவு தெரிவித்துவிட்டார். பந்தலைப் பற்றி இரு அரசரும் அங்கேயே அமர்ந்து பேசுவார்கள்.

ஆகவே அரசாணை இது. படகுகளை அவற்றுக்குரிய குடிகளிடம் ஒப்படைப்பீராக. வேல்களைக் கட்டி வண்டியில் ஏற்றி, வீரர்களை அறுவடைக்கு வீட்டுக்கு அனுப்புவீராக. வெள்ளிக்கச்சையோடு வரும் பூழியனுக்கும் அவன் தோழர்களுக்கும் நம் நாட்டுமல்லனுக்குரிய மரியாதை செய்து ஆற்றைக் கடத்திவிடுவீராக. நீர் கேட்ட ஆளையும் அனுப்பியிருக்கிறோம். இவ்வோலையை உம் கையில் கொடுத்துவிட்டு எதிரே நிற்பவன்தான் வேம்பன். இடுப்பில் கச்சை இல்லாததால் வேறு யாரோ என்று எண்ணிவிட வேண்டாம். முன்னணியில் முதல் வரிசையில் நிறுத்துவதாக எழுதியிருந்தீர். அவ்வாறே களம் குறிக்கத் திட்டுக்குப் போகும் முதற்படகின் முன்னணியில் அவனை அமர்த்தி, நீரும் உடன் செல்வீராக.

இவ்வோலையின் ஒவ்வொரு சொல்லையும் அரசர் இருமுறை வாசிக்கக் கேட்டு, தம்மைப் பற்றிய இடங்களில் இருமி, ஒன்றையும் அழிக்க வேண்டாம் எனப் பணித்தருளினார். குவளைப்பூ முத்திரை இட்டோம். ஆறு வற்றாதிருக்க, இரு கரையும் வாழ்க.

முத்திரைக்குக் கீழே அரசர் தம் கைப்பட எழுதியது: வேம்பன் கையில் ஒரு வெறுங்கூடை இருக்கும். நாணல்திட்டிலிருந்து நம் நாட்டுக்கு வர வேண்டியது அந்த ஒரு கூடை மண் மட்டுமே. அதையும் அங்குள்ள வடகரைக் காவலரிடம் கேட்டு வாங்கி வருக.