உன் அம்மா போட்டோ மேல் கை வைக்காதே

சுமையா,

இந்தக் காலத்தில் எது மக்கர் பண்ணினாலும் எதையாவது தூக்கி எறியத்தான் உங்களுக்குத் தோணுது. கம்ப்யூட்டர் மெமரி பத்தலை என்று சொன்னால், மவுத்தாகிப் போய்ச் சேர்ந்த உன் அம்மா போட்டோவையா அழிக்கப் பார்ப்பாய்? நேற்று அதற்குத்தான் கத்தினேன்.

இலுப்பூர் கம்ப்யூட்டர் கடையில் கேட்டேன். "போட்டோ கிடக்கிற இடம் வேறங்க பாய், புரோகிராம் ஓடுற இடம் வேற. போட்டோவை அழிச்சாலும் ஓடாது" என்றான். திறந்து கிடப்பதையெல்லாம் மூடிவிட்டு, நீ கல்யாணப் பத்திரிகை செய்கிற புரோகிராமை மட்டும் திறக்கணுமாம். பழைய பெட்டி அவ்வளவுதான் தாங்குமாம்.

மூடினால் அழிந்துவிடும் என்று, நான் அதில் கேட்கிற பயான், மார்க்கப் பேச்சையெல்லாம் மூடாமல் திரைக்குக் கீழே தள்ளித் தள்ளி வைத்திருக்கிறேன். அதுதான் இடத்தைப் பிடிக்குதாம். மூடினாலும் அழியாதாம். பார்ப்போம்.

சட்டியில் மீன் ஆணம் இருக்கு. நேற்று மாதிரிப் பட்டினி கிடக்காதே.

நாளைக்குப் பத்திரிகை கொடுக்கணும் என்று தெரியும். ஆனாலும் மவுஸைக் கழற்றி எடுத்துக்கொண்டு போகிறேன். சாயங்காலம் அசர் தொழுதுவிட்டு வருவேன். நான் பக்கத்தில் உட்கார்ந்த பிறகு வேலையை ஆரம்பி.

அத்தா

போட்டோவுக்கு ஒன்றும் ஆகாது என்று கடைக்காரன் சத்தியம் பண்ணித்தான் சொன்னான். மவுஸ் என் பையில்தான் இருக்கும்.