குறை எண் நான்கு

செப்டம்பர் 3, புதன்

இன்று நான்கு லிஃப்ட் பரிசோதித்தேன். மூன்று தேறின, ஒன்றுக்குச் சீல். அந்தத் துணிக்கடை முதலாளி, "மேடம், வெறும் ரெண்டு மாடிதானே?" என்று கெஞ்சிக் கூத்தாடினார். இரண்டு மாடியிலிருந்து விழுந்தாலும் கால் உடையும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்தால் எனக்கே ஒரு வேலை காத்திருந்தது. நண்டு ஒரு படிவத்தை நீட்டினாள். (என் பெண்ணுக்குப் பதினேழு வயசாகிறது, இன்னும் நண்டுதான். நேராக நடந்து நான் பார்த்ததில்லை.) அவளுக்கு நீர்ப் பொறியியல் படிக்க வேண்டும், அதுவும் அந்த ஒரு கல்லூரியில்தான் படிக்க வேண்டும். அறுபது இடம், இரண்டாயிரம் விண்ணப்பம். மதிப்பெண் எல்லாரிடமும் இருக்கிறதாம். அதனால் ஆசிரியர் எழுதும் பரிந்துரைக் கடிதத்தைத்தான் உட்கார்ந்து படிப்பார்களாம். எழுதப்போவது அவளுடைய கெமிஸ்ட்ரி சார். அவர் சும்மா எழுதிவிட மாட்டார், முதலில் பெற்றவர்கள் எழுதித் தர வேண்டும். படிவத்தின் மேலே ஒரே ஒரு வரி: "உங்கள் பிள்ளையைப் பற்றி எனக்குத் தெரியாததைச் சொல்லுங்கள்."

இதென்ன பெரிய விஷயம்? தினமும் நான் எழுதுகிறதுதானே.

செப்டம்பர் 6, சனி

நாற்பதே நிமிஷத்தில் எழுதி முடித்தேன். எங்கள் ஆபீஸ் முறைப்படி: முதலில் நிலை, பிறகு குறைகள், கடைசியில் முடிவு.

குறை 1: காலையில் மூன்று தடவை கூப்பிட்டால்தான் இயக்கம் தொடங்கும். 2: சத்தம் அதிகம், முக்கியமாகப் பதில் சொல்லும்போது. 3: தாங்கும் அளவுக்கு மேல் ஏற்றிக்கொள்வது. 4: தொடங்கியதை முடிப்பதில்லை. சான்று: கிட்டார், நீச்சல், ஒற்றைக் கையோடு நிற்கும் ஸ்வெட்டர். முடிவு: பயன்பாட்டுக்குத் தகுதியானவர்.

இவர் கண்ணாடிக் கடையை மூடிவிட்டு வந்து படித்தார். முதலில் கண்ணில் நீர் வரச் சிரித்தார். அப்புறம் சிரிப்பை நிறுத்தி, "இது பொண்ணா, இல்ல சரக்கு லிஃப்டா? நல்லதா ஒண்ணுகூடவா இல்ல?" என்றார்.

"அதான் கடைசி வரியில போட்டிருக்கேனே, தகுதியானவர்னு."

இவருக்குப் புரியவில்லை. குறையே இல்லை என்று ஒரு ரிப்போர்ட் வந்தால், எழுதின ஆள் லிஃப்ட் பக்கமே போகவில்லை என்று அர்த்தம். நான் அந்த வேலையைச் செய்ய மாட்டேன்.

செப்டம்பர் 8, திங்கள்

கவரை ஒட்டாமல் நண்டிடம் கொடுத்துவிட்டேன். பஸ்ஸிலேயே படித்திருக்கிறாள்.

சாயங்காலம் வந்தவள் பையை வைத்தாள். "சார்கிட்ட குடுத்துட்டேன்" என்றாள். குரலே வேறாக இருந்தது. என்னடீ என்றேன்.

"அந்த காலேஜுக்கு நான் அப்ளை பண்ணல. பாதி ஃபார்ம் போட்டிருந்தேன். நான்தான் எதையும் முடிக்க மாட்டேனே."

கதவைச் சாத்திக்கொண்டாள். ஓங்கி அடித்திருந்தால்கூட மனசு ஆறியிருக்கும், மெதுவாகச் சாத்தினாள்.

செப்டம்பர் 9, செவ்வாய்

பேசவில்லை. தண்ணீர் வேண்டுமா என்றால் தலை மட்டும் ஆடுகிறது. இவர் என்னைப் பார்க்கிறார், நான் சுவரைப் பார்க்கிறேன்.

நான் எழுதினதில் பொய் எது? ஒன்றுமில்லை. ஆனாலும் புதுப் பேப்பர் ஒன்றை எடுத்தேன்.

இவர் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, புதிதாக ஒன்று எழுதினேன். "பிறவியிலேயே விடாமுயற்சி", "தலைமைப் பண்பின் சிகரம்", "பார்த்தவர் வியக்கும் பணிவு". பணிவு என்று எழுதும்போது எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. இவர் முறைத்தார். கவரை ஒட்டி, அதன் மேல் டேப்பும் போட்டேன்.

செப்டம்பர் 11, வியாழன்

அரை நாள் லீவு போட்டுப் பள்ளிக்கூடம் போனேன். கெமிஸ்ட்ரி சார் ஒல்லியான மனிதர், சட்டைப் பையில் நாலு பேனா. மேஜையில் முப்பத்தொரு கடிதம் பாக்கி. நான் நீட்டின கவரைக் கத்தரிக்கோலால் போராடித் திறந்தார். படித்தார். டிராயரிலிருந்து திங்கட்கிழமை வந்த பழைய கவரை எடுத்து இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார்.

"இவங்க ரெண்டு பேரும் அக்கா தங்கச்சியா?"

எனக்கு எங்கே போய் ஒளிவது என்று தெரியவில்லை.

"இந்தத் தங்கச்சிய எனக்குத் தெரியாதும்மா. இவளை மாதிரி முப்பது பேரு ஏற்கனவே என் மேஜையில இருக்காங்க. அக்காவைத் தெரியும். லேப்ல வாயடிக்கிறவ." கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டார்: "ஆனா இந்த நாலாவது. தொடங்கினதை முடிக்க மாட்டான்னு எழுதியிருக்கீங்க. இத நான் மறைச்சு எழுத முடியாது. அவ முடிச்சது ஒண்ணு சொல்லுங்களேன், எவ்ளோ சின்னதா இருந்தாலும் சரி."

விரல் விட்டு எண்ணப் பார்த்தேன். பெற்ற பெண்ணைப் பற்றி ஒன்று — ஒன்றே ஒன்று — சொல்லத் தெரியவில்லை எனக்கு! எல்லாக் குறையும் வரிசை எண்ணோடு ஞாபகம் இருக்கிறதே.

"முப்பதாம் தேதிதான் கடைசி. ஒரு வாரம் எடுத்துக்கங்க" என்றார் சார். என்னைப் பரிதாபமாகப் பார்த்தார் என்று நினைக்கிறேன்.

செப்டம்பர் 13, சனி

கவனிப்பு, முதல் நாள். எழுந்தது 9.40. இரண்டு காலிலும் ஒரே நிற சாக்ஸ். இது முடித்த காரியத்தில் சேருமா?

செப்டம்பர் 14, ஞாயிறு

சாப்பிட்ட தட்டைக் கழுவினாள். டம்ளரை விட்டுவிட்டாள்.

செப்டம்பர் 16, செவ்வாய்

"எதுக்கும்மா என்னையே வெறிச்சுப் பார்த்துக்கிட்டிருக்க?" என்று கேட்டாள். எட்டு நாளில் அவளாகப் பேசின முதல் வார்த்தை. சந்தோஷத்தில் என்ன பதில் சொல்வது என்று தெரியாமல், "சாக்ஸ் நல்லாருக்கு" என்றேன். ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

செப்டம்பர் 18, வியாழன்

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

மதியம் சாப்பாட்டு நேரம். பக்கத்து மேஜைக்காரி டப்பாவைத் திறந்துகொண்டே சொன்னாள்: "அக்கா, உங்க பில்டிங் ஃபைலை மூடப் போறேன். கடைசி ரிப்போர்ட் அட்டகாசம். நீங்க எழுதிப் பொண்ணு பேர்ல அனுப்பறீங்கன்னு எனக்குத் தெரியும், ஆனா ஆபீஸ்ல யார்கிட்டயும் சொல்லல."

"எந்த ரிப்போர்ட்டு?"

நாங்கள் குடியிருக்கிற கட்டடத்து லிஃப்டை நாங்களே பரிசோதிக்கக் கூடாது என்று ஆபீஸில் விதி. அதனால் எங்கள் கட்டடம் இவளுடைய பொறுப்பு. எனக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. நாள் முழுக்க லிஃப்டோடு மல்லுக்கட்டிவிட்டு வீட்டிலும் அதில் ஏற மனம் வராது. ஐந்தாம் மாடிக்கு எப்போதும் படிதான். எங்கள் லிஃப்ட் அடிக்கடி நின்றுபோகும் என்று தெரியும், ஆறேழு மாதமாக நிற்பதில்லை என்றும் தெரியும். லிஃப்ட் கம்பெனிக்காரன் ஒருவழியாக விழித்துக்கொண்டான் என்று நினைத்திருந்தேன்.

அவள் ஃபைலை எடுத்து வந்து என் முன்னால் வைத்தாள். நண்டின் கையெழுத்து. பதினான்கு மாதம், அறுபத்தொரு பதிவு. லிஃப்ட் நின்றது எந்தத் தேதி, எத்தனை மணி, எந்த மாடி, உள்ளே எத்தனை பேர், முந்தின நாள் மழையா வெயிலா. பரீட்சை மாதத்தில்கூட ஒரு பதிவு விடவில்லை. பத்தாவது பக்கத்தில் அவளே கண்டுபிடித்துவிட்டாள்: மழைக்கு மறுநாள்தான் நிற்கிறது. மொட்டை மாடி வடிகுழாயில் நீல மையைக் கரைத்து ஊற்றி, லிஃப்ட் மெக்கானிக்கைப் பிடித்துக் லிஃப்டுக்கு அடியில் இருக்கிற பள்ளத்தைப் பார்க்கச் சொல்லியிருக்கிறாள். பள்ளத்தில் நீலத் தண்ணீர்! சுவருக்குள் குழாய் விரிசல், அடியில் இருக்கிற சுவிட்ச் நனைகிறது. கம்பெனி சரிசெய்த பிறகும் விடவில்லை. அடுத்து வந்த மழையையெல்லாம் பார்த்துக் குறித்துவிட்டுத்தான், போன வாரம் "முடிந்தது" என்று எழுதியிருக்கிறாள்.

போன வாரம்! என்னோடு பேசாமல் இருந்த வாரம்.

ஓர் இடத்தில் ஒரு பாகத்தின் பெயரைத் தவறாக எழுதியிருந்தாள். பேனா தானாகக் கைக்கு வந்தது. மூடி வைத்தேன். பெருமையா, வெட்கமா? இரண்டும்தான். பக்கத்து மேஜைக்காரி, "ஏன்க்கா அழுவுறீங்க, வெங்காயம்கூட இல்லையே" என்றாள்.

செப்டம்பர் 19, வெள்ளி

முதலில் இவரைப் பிடித்தேன். மை யாருடையது? "கண்ணாடியில குறி போடற மை, கடையிலதான் எடுத்துக் குடுத்தேன்" என்றார் தரையைப் பார்த்துக்கொண்டு. எல்லாம் தெரிந்திருக்கிறது! பதினான்கு மாதம் இரண்டு பேரும் கூட்டுக் களவாணிகள்.

நண்டு பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும், வா என்று கூப்பிட்டுக்கொண்டு போய் லிஃப்டில் ஏறினேன். எங்கள் லிஃப்டில் நான் ஏறுவது மூன்று வருஷத்தில் முதல் தடவை. நன்றாக ஓடுகிறது. அதிர்வே இல்லை.

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொன்னா என்ன பண்ணியிருப்ப?"

"பார்த்திருப்பேன்."

"பார்த்து?"

"தப்பு இருந்தா சொல்லியிருப்பேன்…"

"அதான்" என்றாள். கோபமே இல்லை, அதுதான் தாங்கவில்லை. "கிட்டார் கத்துக்கிட்ட ரெண்டாம் நாளே சுருதி சேரலன்னு சொன்ன. நீச்சல்ல கரையில நின்னுக்கிட்டு கால மடக்காத, கால மடக்காதன்னு கத்தின. ஸ்வெட்டர்ல மூணாவது வரிசையிலயே கண்ணி விட்டுப்போச்சுன்ன. எனக்கு அப்புறம் கைய வைக்கவே பிடிக்கலம்மா. இத மட்டும் முடிக்கணும்னு நெனச்சேன். அதான் சொல்லல."

கைக்கு வந்த பொத்தானையெல்லாம் அழுத்தினேன். லிஃப்ட் கீழே போனது, மேலே வந்தது, மறுபடி கீழே போனது. நான்காம் தடவை கதவு திறந்தபோது மூன்றாம் மாடி டீச்சர் இரண்டு கையிலும் பையோடு நின்று, "நான் ஏறலாமா, இல்ல உள்ள மீட்டிங்கா?" என்றார். நண்டு களுக்கென்று சிரித்தாள். பதினோரு நாளுக்கு அப்புறம் கேட்கிற சிரிப்பு.

"தப்பு என்னோடதுடீ" என்றேன். டீச்சர் முன்னாலேயே சொன்னேன். அவர் பாவம், மாடி எண்களையே உற்றுப் பார்த்துக்கொண்டு வந்தார்.

செப்டம்பர் 20, சனி

சாருக்கு எழுதினேன்: "குறை எண் நான்கு தவறான பரிசோதனை. ரத்து செய்கிறேன். காரியம் லிஃப்டில் நடந்துகொண்டிருந்தது, பரிசோதகர் படியில் போய்க்கொண்டிருந்தார். அறுபத்தொரு பதிவின் நகல் இத்துடன். குறை 1, 2, 3 அப்படியே இருக்கின்றன."

நண்டிடம் காட்டினேன். படித்துவிட்டு, "ரெண்டையாவது எடுக்கக் கூடாதா?" என்றாள். முடியாது என்றேன். அவள் குரலை உயர்த்தி வாதாடிய அழகிலேயே ரெண்டு நிரூபணம் ஆகிவிட்டது.

சாயங்காலம் அந்தக் கல்லூரி விண்ணப்பத்தை மறுபடி திறந்தாள். நான் சமையலறையிலேயே இருந்தேன். அந்தப் பக்கம் போகவில்லை. எவ்வளவு கஷ்டம் தெரியுமா? இருக்கிற பாத்திரத்தையெல்லாம் தேய்த்தேன், சுத்தமாக இருந்ததையும் சேர்த்து.

அக்டோபர் 1, புதன்

கடிதம் நேற்றே போய்விட்டதாம். நாங்கள் பார்க்கக் கூடாது, நேராகக் கல்லூரிக்கு. சாரிடம் போனில், "என்ன சார் எழுதினீங்க?" என்று நைசாகக் கேட்டேன். "உங்க வீட்டுப் படிக்கட்டுல எத்தனை படிம்மா?" என்று கேட்டுச் சிரித்துவிட்டு வைத்துவிட்டார்.

டிசம்பர் 2, செவ்வாய்

ஒன்றும் வரவில்லை. இவர் ஒரு நாளைக்கு இருபது தடவை மெயில் பார்க்கிறார். வயசுப் பையன்கள் தோற்றார்கள்.

மார்ச் 12, வியாழன்

கிடைத்துவிட்டது! கிடைத்துவிட்டது!

நான் ஒரு ஆஸ்பத்திரி லிஃப்டின் பள்ளத்துக்குள் இருந்தேன், அங்கே சிக்னல் கிடையாது. ஏறி வந்து பார்த்தால் பதினேழு மிஸ்டு கால், அத்தனையும் இவருடையது. ஹெல்மெட்டோடு நின்று அழுகிறேன், நர்ஸ் ஒருத்தி ஓடிவந்து எந்த வார்டு பேஷன்ட் என்று விசாரிக்கிறாள்.

நண்டு முதலில் அப்பாவிடம் போன் செய்து சொல்லியிருக்கிறாள். சரி, அவர்தானே எப்போதும். சின்னதாக ஒரு முள் குத்தியது, பொய் சொல்வானேன்? இனிப்பு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகும்போது அதுவும் போய்விட்டது.

செப்டம்பர் 24, வியாழன்

அவள் ஹாஸ்டலுக்குப் போய் ஆறு வாரம். வீடு இவ்வளவு சுத்தமாக இருப்பது எரிச்சலாக இருக்கிறது.

மதியம் போன் வந்தது. என் போனுக்கு, வேலை நேரத்தில். பயந்துபோய் எடுத்தேன்.

"அம்மா, முதல் டெஸ்ட்ல ஐம்பதுக்குப் பதினெட்டு."

எந்தக் கேள்வி, எங்கே விட்டாய், படித்தாயா, எல்லாம் தொண்டை வரைக்கும் வந்தன. விழுங்கினேன். "அப்புறம்?" என்றேன்.

பம்ப் கணக்கில் கோட்டை விட்டதைச் சொன்னாள். அப்புறம்? ரூமுக்கு வந்து அழுதாளாம். அப்புறம்? அடுத்த டெஸ்டுக்குள் சேர்ந்து படிக்க மூன்று பேரைப் பிடித்திருக்கிறாளாம். முப்பத்தைந்து நிமிஷம் பேசினாள். நான் ஒன்பது தடவை அப்புறம் என்றேன், வேறொன்றும் சொல்லவில்லை. வைப்பதற்கு முன்னால் குரலைத் தாழ்த்தினாள்.

"அம்மா, இத அப்பாகிட்ட சொல்லிடாத."

சாயங்காலம் இவர் கடையிலிருந்து வந்ததும் கேட்டார், நண்டு ஏதாவது பேசினாளா என்று.

"பேசினா" என்றேன். "நல்லா இருக்காளாம்."