ஐந்து மணிச் சங்கு

குமணன்சாவடி,
9-11-2025, ஞாயிறு.

அன்பு மகள் மைதிலிக்கு அப்பா எழுதுவது. இங்கே நான், உன் அம்மா, மாப்பிள்ளை பிரசன்னா, நம் குட்டி கார்த்திகா நாலு பேரும் நல்லபடியாக இருக்கிறோம். நீயும் அந்த ஆம்ஸ்டர்டாம் குளிரில் காதை மூடிக்கொண்டு, நேரத்துக்குச் சாப்பிட்டு, சுகமாக இருக்கிறாய் என்று நம்பித்தான் பேனாவைத் திறக்கிறேன். தினமும் வீடியோவில் முகம் பார்த்துப் பேசுகிற மனுஷனுக்கு எதற்குக் காகிதம் என்று நீ சிரிப்பாய். வீடியோவில் பேசும்போது உன் மகள் என் மடியில் உட்கார்ந்திருக்கிறாள், அவள் காதுக்கு எட்டாமல் சில விஷயம் சொல்ல வேண்டியிருக்கிறது. அது மட்டுமில்லை, இது என் தப்பைப் பற்றிய சமாசாரம், உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை, பத்து நாளாக மென்று விழுங்கிக்கொண்டிருக்கிறேன். உன் ஆபீஸ் ஸ்ரீராம் புதன்கிழமை கிளம்புவதால் பருப்புப்பொடியோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன். பதினைந்தாம் தேதிக்குள் மேனேஜரிடம் சொல்லிவிட்டு ப்ராஜெக்டைப் பாதியில் விட்டு வரப்போகிறேன் என்றாயே, அதைச் சொல்வதற்கு முன்னால் இந்தக் கடிதத்தைக் கடைசி வரைக்கும் படித்துவிடு. அதற்குப் பிறகும் வருவதானால் வா, நான் தடுக்க மாட்டேன்.

முதலில் வீட்டுச் சமாசாரம். உன் அம்மாவுக்கு முட்டி வலி பரவாயில்லை, லிஃப்ட் இருக்கிற வீட்டுக்கு வந்ததில் அவளுக்கு ரொம்ப சந்தோஷம், குவார்ட்டர்ஸ் முருங்கை மரத்தை மட்டும் நினைத்து நினைத்துப் புலம்புகிறாள். மாப்பிள்ளை ஞாயிற்றுக்கிழமைகளில் ரசம் வைக்கக் கற்றுக்கொண்டிருக்கிறார், நாங்களும் நன்றாக இருக்கிறது என்று சொல்லிச் சாப்பிடக் கற்றுக்கொண்டிருக்கிறோம். போன வாரம் மழையில் நசரத்பேட்டைப் பக்கம் சர்வீஸ் ரோடில் முழங்கால் தண்ணீர், அவருடைய கம்பெனி பஸ் இரண்டு மணி நேரம் நின்றுவிட்டது, ஆனாலும் மனுஷன் சிரித்த முகத்தோடு வந்தார். உனக்கு நல்ல துணை அமைந்தது என்று நான் நேரில் சொல்ல மாட்டேன், எழுத்தில் சொல்லிவிடுகிறேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். குட்டி பள்ளிக்கூடத்தில் பாடுவதில்லை, பேசுவதில்லை, டிபனைத் திறப்பதில்லை, ஜன்னலோரம் போய் உட்கார்ந்துவிடுகிறாள், மற்ற பிள்ளைகள் சேர்ந்து பாடினால் எழுந்து போய் அவர்கள் வாயைப் பொத்துகிறாள் என்று ஆகஸ்டிலிருந்து புகார் வந்ததும், விஷ்ணு என்கிற வாலுப் பையன் அவள் கையைக் கடித்ததும் உனக்குத் தெரியும். பெரிய மிஸ் வனஜா காது டெஸ்ட் எடுக்கச் சொன்னார், எடுத்தோம், காது அவளுக்கு நம் எல்லோரையும்விடக் கூர்மை என்று டாக்டர் சொன்னார். உனக்குத் தெரியாத ஒன்று உண்டு. நான் செப்டம்பரில் பள்ளிக்கு ஒரு புகார் மனு கொடுத்தேன். முப்பத்து நாலு வருஷம் ஃபாக்டரி இன்ஸ்பெக்‌ஷன் செக்‌ஷனில் தப்புப் பிடித்துச் சம்பளம் வாங்கியவன் சும்மா இருப்பேனா? பொருள், பார்வை எல்லாம் போட்டு, எல்.கே.ஜி. மாணவி கார்த்திகாவை வகுப்பாசிரியை தனியாக ஜன்னலோரம் உட்கார வைப்பது தொடர்பாக என்று ஆரம்பித்து, வரிசை எண் கொடுத்து, மூன்று நகல் எடுத்து, ஒன்றை அந்த வகுப்பு டீச்சர் சபீனா மிஸ் கையிலேயே கொடுத்தேன். உன் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அந்தப் பெண்ணுக்கு உன் வயதுகூட இருக்காது. முழுவதும் படித்துவிட்டு, சரிங்க சார், நானும் கவனிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன், எனக்குக் கொஞ்ச நாள் குடுங்க என்று மட்டும் சொன்னாள். கோபித்துக்கொண்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

அவள் என்ன செய்தாள் தெரியுமா. குட்டியை ஜன்னலிலிருந்து இழுத்து வரவில்லை, பேசு பேசு என்று நச்சரிக்கவும் இல்லை. தினமும் கொஞ்ச நேரம் தானும் அந்த ஜன்னலோரம் தரையில் உட்கார்ந்துகொண்டாள். அங்கே ஆயா வேலை பார்க்கிற தாயம்மா ஒருநாள், இந்தப் பாப்பா அழுவல மிஸ், இன்னாத்தையோ கேட்டுகினே கீது என்று சொல்லியிருக்கிறாள். டாக்டருக்கும் எனக்கும் தோன்றாதது அந்த அம்மாவுக்குத் தோன்றியிருக்கிறது. அதிலிருந்து சபீனாவும் கூடச் சேர்ந்து கேட்க ஆரம்பித்தாளாம். ஆட்டோ போகுது, காக்கா கத்துது, மெட்ரோ வேலை நடக்குது என்று காதில் விழுவதை எல்லாம் மெதுவாகச் சொல்வாளாம், குட்டி ஒவ்வொன்றுக்கும் இல்லை என்று தலையாட்டுவாளாம். தீபாவளி லீவு முடிந்து திறந்த வாரம் மெயின் ரோடில் வேலப்பன்சாவடிப் பக்கம் ஓர் ஆம்புலன்ஸ் அலறிக்கொண்டு போயிருக்கிறது. குட்டி சட்டென்று எழுந்து, பையை மாட்டிக்கொண்டு, கதவைப் பார்த்து நின்றாளாம். அப்புறம் தானே பையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து, இது இல்ல என்றாளாம். அவளாக வாய் திறந்து சபீனாவிடம் சொன்ன முதல் வார்த்தை அதுதான். அப்போ எது என்று கேட்டதற்கு, நீளமா வரும், ஊஊன்னு, நிக்காம வரும் என்று கையை நீட்டிக் காட்டினாளாம்.

அன்று மத்தியானம் கூப்பிடப் போனவனை சபீனா நிறுத்தி, சார், நீளமா ஊஊன்னு ஒரு சத்தம், அது என்னன்னு உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டாள். மைதிலி, எனக்கு அந்த இடத்திலேயே புரிந்துவிட்டது. அப்படியே வராந்தாவில் பிள்ளைகள் செருப்பு விடுகிற இடத்தில் உட்கார்ந்துவிட்டேன். நம் ஆவடி ஃபாக்டரி சங்கு அது. கைக்குழந்தையிலிருந்து பகலெல்லாம் நம் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள் அவள். ஐந்து மணிக்குச் சங்கு ஊதினால் நான் சைக்கிளில் வருவேன், கொஞ்ச நேரத்தில் நீ அவளைத் தூக்கிப் போக ஆபீஸிலிருந்து வருவாய். மூன்று வருஷம் ஒருநாள்கூட அது தப்பியதில்லை. ஜூலையில் நீ கிளம்பிய அன்று அவள் லிஃப்ட் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதாளே, அப்போது அவளைத் தூக்கி, சங்கு ஊதினதும் அம்மா வந்துடுவா கண்ணு என்று நான் சொன்னேன். நீயும் சின்ன வயதில் அழும்போது, சங்கு ஊதினதும் அப்பா வந்துடுவேன் என்று சொல்லிவிட்டுத்தான் ஷிஃப்டுக்குப் போவேன். குவார்ட்டர்ஸில் எல்லா வீட்டிலும் எல்லாப் பிள்ளைகளுக்கும் சொல்கிற வார்த்தை, வாயில் தானாக வந்துவிட்டது. நான் ரிட்டையர் ஆகிவிட்டேன், குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டோம், குமணன்சாவடி ஆறாவது மாடிக்கு ஆவடி சங்கு கேட்காது என்பது அந்த நேரம் என் மண்டையில் ஏறவில்லை. குழந்தை நாலு மாதமாக அதைக் கேட்பதற்காகத்தான் உட்கார்ந்திருக்கிறாள். பாட்டுச் சத்தத்தில் சங்கு காதில் விழாமல் போய்விடுமே என்றுதான் பிள்ளைகள் வாயைப் பொத்தியிருக்கிறாள். தீபாவளி அன்று வெடிக்குப் பயந்து அழுகிறாள் என்று கதவைச் சாத்தினோமே, அது பயம் இல்லை, வெடிச் சத்தத்தில் சங்கு கேட்காதே என்கிற தவிப்பு.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். நீ உன் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் போன் செய்வாய், இங்கே சரியாக ஐந்து மணி. உன் முகம் தெரிந்ததும் அவள் மடியிலிருந்து குதித்து பால்கனிக்கு ஓடிவிடுவாள், நீ, என்னை மறந்துட்டாளாப்பா என்று கேட்டாய், அதனால்தான் வேலையை விட்டு வருவதாகவும் முடிவு செய்தாய். அவள் உன்னை விட்டு ஓடவில்லை கண்ணு. ஐந்து மணிச் சங்கு ஊதுகிறதா என்று பார்க்க ஓடினாள். ஊதினால் போனில் இருக்கிற அம்மா நேரில் வந்துவிடுவாள் அல்லவா. இதை நினைத்து நான் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை, உன் அம்மாதான், அழுதது போதும், ஆக வேண்டியதைப் பாருங்கள் என்று அதட்டினாள்.

ஆக வேண்டியதிலும் நான் கோணலாகத்தான் போகப் பார்த்தேன். மறுநாளே பழைய கூட்டாளி உத்தமனோடு ஆவடிக்குப் போய், ஃபாக்டரிச் சுவரோரம் நின்று ஐந்து மணிச் சங்கை போனில் பதிவு செய்துகொண்டு, பெரிய சாதனை செய்தவன் மாதிரி சபீனாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் அதைப் போட்டுக் கேட்கவே இல்லை. இதைப் போட்டுக் காட்டி அம்மா வரலைன்னா, நாளைக்கு அவ யார் சொல்றதை நம்புவா சார் என்றாள். நீங்களே உண்மையைச் சொல்லிடுங்க, நான் பக்கத்துல இருக்கேன் என்றாள். பெரிய மிஸ் முன்னால் மனு நீட்டிய நான், எல்.கே.ஜி. வகுப்பில் சிவப்பு நிறக் குட்டி நாற்காலியில் முட்டி இரண்டும் காதைத் தொட உட்கார்ந்து, நாலு வயது நிரம்பாத பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டேன். தாத்தா தப்பாச் சொல்லிட்டேன்டா, அந்தச் சங்கு இங்க கேட்காது, அது ஊதினாலும் அம்மா வரமாட்டா, அம்மா பொங்கல் முடிஞ்சு, வெயில் வந்து, உனக்குப் பெரிய லீவு விடுறதுக்குக் கொஞ்சம் முன்னாடி வருவா என்றேன். அவள் அழவில்லை. என் சட்டைப் பித்தானைத் திருகினாள். அப்புறம், அப்போ இங்க யாரு ஊதுவா என்று கேட்டாள். சபீனா கொஞ்சமும் தயங்காமல், நாமதான் ஊதணும் என்று சொல்லிவிட்டாள்.

அன்றிலிருந்து பன்னிரண்டரைக்குப் பள்ளி விடும்போது அந்த வகுப்பில் மணி அடிப்பதில்லை, வாயால் ஊதுகிற சங்குதான். தினம் ஒரு பிள்ளை முன்னால் நின்று ஊத வேண்டும், மற்றவர்கள் கூடச் சேர்ந்துகொள்வார்கள், ஊதி முடித்ததும் ஒவ்வொருவராக இன்றைக்குத் தன்னைக் கூப்பிட யார் வருகிறார்கள் என்று சொல்ல வேண்டும். சொன்ன ஆள் வாசலில் நின்றாக வேண்டும், முன்னாலேயே வந்துவிட்டால் சங்கு ஊதும் வரை கேட்டிலேயே நிற்க வேண்டும், அதில் சபீனா எங்களிடம் ரொம்பக் கண்டிப்பு. முதல் நாள் குட்டியே ஊதினாள். இத்தனை நாள் சேர்த்து வைத்திருந்தாளோ என்னவோ, எதிரே டூவீலர் மெக்கானிக் ஸ்பேனரோடு ஓடி வந்துவிட்டான், தெரு நாய் இரண்டு கூடவே ஊளையிட்டது, தாயம்மா, யம்மாடி, இம்மா நாளா இத்த எங்க ஒளிச்சு வச்சுகினு இருந்தே என்று கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். அவள் முறை வந்தபோது குட்டி நிமிர்ந்து நின்று, இன்னைக்கு அம்மா வரமாட்டாங்க, தாத்தா வருவாங்க என்றாள். வாசலில் நின்ற எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. போன செவ்வாய்க்கிழமை கொட்டுகிற மழையில் ஆட்டோ சிக்னலில் மாட்டிக்கொண்டது, நான் இறங்கி வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு தண்ணீரில் ஓடி, சங்கு நிற்பதற்குள் கேட்டைத் தொட்டுவிட்டேன். கவர்மெண்ட் உன்னை ரிட்டையர் பண்ணினாலும் சங்கு உன்னை விடவில்லை பார் என்று உத்தமன் கேலி செய்கிறான். செய்யட்டும்.

இப்போது உன் மகள் வாய் ஓய்வதில்லை. பாடுகிறாள், டிபன் காலியாக வருகிறது, கடித்த விஷ்ணுவும் அவளும் ஒரே பாயில் உட்காருகிறார்கள். இந்த வாரம் உன்னோடு பத்து நிமிஷம் அசையாமல் உட்கார்ந்து பேசினதைப் பார்த்துவிட்டு என்ன மாயம் செய்தீங்கப்பா என்று கேட்டாயே, மாயம் செய்தது நான் இல்லை, அந்தப் பெண் சபீனா. வந்ததும் அவளை நேரில் பார்த்து ஒரு வார்த்தை சொல். என் மனுவை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன் என்று எழுதிக் கொண்டுபோனேன், அதற்கும் மூன்று நகல் எடுத்தேன், அதைப் பார்த்துத்தான் அவள் முதல்முறையாக வாய்விட்டுச் சிரித்தாள். குட்டிக்கு உன் ஏக்கமே இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். தூங்கப் போகும்போது உன் பழைய துப்பட்டா இன்னும் வேண்டும், ஐந்து மணிக்குச் சில நாள் பால்கனியை ஒரு பார்வை பார்க்கிறாள். ஆனால் யார் வருவார்கள், எப்போது வருவார்கள் என்று அவளுக்கு இப்போது தெரியும், தெரிந்துகொண்டு காத்திருக்கிறாள். அவள் உன்னை மறந்துவிட்டாள் என்கிற பயத்தில் மட்டும் நீ அந்த வேலையை விட வேண்டாம் என்பதுதான் அப்பாவின் எண்ணம்.

காலில் சாக்ஸ் போடாமல் தரையில் நடக்காதே. பருப்புப்பொடி டப்பாவை ஈரக் கரண்டி போட்டுக் கெடுத்துவிடாதே. அப்பாவை மன்னித்துவிட்டதாக ஒரு வரி போனில் அனுப்பு, அதுவரை எனக்கு நிம்மதி இல்லை. உனக்கு ஒரு குறையும் வராமல், எடுத்த காரியம் நல்லபடி முடிந்து, முழு ஆரோக்கியத்தோடு வீடு வந்து சேர உன் அம்மாவும் நானும் மனதார வாழ்த்துகிறோம்.

இப்படிக்கு,
என்றும் உன் நலம் நாடும் அப்பா,
ஞானசேகரன்.

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகும்போது குட்டி வந்துவிட்டாள். அம்மாவுக்கு என்னடா எழுதட்டும் என்று கேட்டேன். அம்மா வர்ற அன்னைக்கு ஏர்போர்ட்ல நான்தான் ஊதுவேன், நான் ஊதினதும் வெளிய வரணும் என்று எழுதச் சொன்னாள். அதுக்கு முன்னாடியே வந்துட்டா என்ன பண்றது என்றேன். முன்னாடி வர்றவங்க கேட்ல நிக்கணும், அதான் ரூல் என்று சொல்லிவிட்டு விளையாடப் போய்விட்டாள்.