இரண்டாவது பாட்டில்

மார்ச் 3, செவ்வாய்

காலையில் இருபது உதை உதைத்த பிறகுதான் வண்டி கிளம்பியது. பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்டால் எட்டு என்பார். அவர் காலா வலித்தது? கிளம்பிய பிறகும் ஒரே இருமல், தும்மல். இரும்புக் கடை போய்ச் சேர்வதற்குள் மூன்று இடத்தில் நின்றது. கடையில் எடை போடுகிறவன் நான். டன் டன்னாக இரும்பைத் தூக்கி வைக்கிற என்னை ஒரு பைக் தூக்க மாட்டேன் என்றால் என்ன அர்த்தம்? (தூக்கி வைப்பது கிரேன்தான். ஆனால் கையைக் காட்டுவது நான்.)

சாயங்காலம் அக்காவும் அவள் மகளும் வந்தார்கள். மகளுக்குக் கல்லூரி முடிந்து வருஷம் இரண்டாகிறது, எனக்கு இன்னும் பாப்பாதான். கால்நடை மருந்தகத்தில் வேலை கிடைத்திருக்கிறது. ஊர் ஊராகப் போய் மாட்டுக்கு ஊசி போட வேண்டும். கியர் வண்டி லைசென்ஸ் இந்த மாதத்துக்குள் கையில் இருக்க வேண்டுமாம். போன தடவை டெஸ்டில் போய்விட்டது. இருபதாம் தேதி மறுபடி டெஸ்ட். அதுவும் போனால் வேலை வேறு ஆளுக்கு. பயிற்சிப் பள்ளியில் ஓட்டக் கற்றுக்கொண்டாள், ஆனால் டெஸ்டுக்கு வண்டியை நாம்தான் கொண்டு போக வேண்டும்.

"மாமா, உங்க வண்டியத் தர்றீங்களா?"

"தர்றதா? குதிரையா மாத்தித் தர்றேன்."

வீட்டுக்காரி உள்ளே இருந்து, "முதல்ல அது கழுதையாவது நடக்கட்டும்" என்றாள்.

மார்ச் 5, வியாழன்

உதிரி பாகக் கடைக்குப் போனேன். பெட்ரோல் ரொம்ப நாள் தேங்கினால் பிசின் மாதிரி படிந்து கார்புரேட்டர் துளையை அடைத்துவிடுமாம். அதைக் கரைக்க ஒரு மருந்து. டேங்க் நிறைய பெட்ரோல், அதில் ஒரு மூடி மருந்து, அவ்வளவுதான். இதெல்லாம் எனக்கு முன்னாலேயே தெரியும். இன்றைக்கு மத்தியானத்திலிருந்தே தெரியும்.

மார்ச் 7, சனி

ஒரே உதை! ஒன்று!

இருமல் இல்லை, தும்மல் இல்லை. தெருவே வெளியே வந்து பார்த்தது. தெரு என்றால் பக்கத்து வீட்டுக்காரரும் அவர் மாமனாரும். பக்கத்து வீட்டுக்காரர் மொபெட்டுக்கும் மருந்து விட்டேன். அதுவும் பிழைத்துக்கொண்டது. "எங்கே படிச்சீங்க?" என்று மாமனார் கேட்டார். எட்டாம் வகுப்பை மூன்று வருஷம் படித்தவன் நான். கூட்டிப் பார்த்தால் பத்தாவது வந்துவிடுகிறது. "பத்தாவதுக்கு மேல படிப்புல நம்பிக்கை இல்லீங்க" என்றேன். அவருக்கு ரொம்ப மரியாதை வந்துவிட்டது. வண்டி டாக்டர் என்று கூப்பிட்டார்.

மார்ச் 8, ஞாயிறு

டாக்டர் ஒரு மருந்தோடு நிறுத்தலாமா? மறுபடி கடைக்குப் போனேன். கண்ணாடி அலமாரியில் தங்க நிறத்தில் ஒரு பாட்டில்.

"அது எஞ்சின் ஆயில்ல கலக்குறதுண்ணே. உள்ள உராய்வே இருக்காது, வழவழன்னு ஓடும். ஆனா காருக்கு வர்றது."

"கார் என்ன வானத்துல இருந்தா குதிச்சுது? அதுக்கு நாலு சக்கரம், இதுக்கு ரெண்டு. பாதி ஊத்திட்டாப் போச்சு."

பாட்டிலில் எஞ்சின் படம். அதற்குக் கீழே பொடி எழுத்து. பொடி எழுத்தைப் படிக்கிறவனுக்கு மனிதர்கள் மேல் நம்பிக்கை இல்லை என்று அர்த்தம். நான் அப்படிப்பட்டவன் இல்லை.

வீட்டுக்கு வந்து பாதி ஊற்றினேன். மீதிப் பாதியைப் பார்த்தால் பாவமாக இருந்தது. அதையும் ஊற்றினேன். ஆகா, என்ன ஓட்டம்! எஞ்சின் ஓடுகிறதா என்று தொட்டுப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. வண்டிக்கடியில் படுத்திருந்த பூனை எழுந்திருக்கவே இல்லை.

மார்ச் 11, புதன்

பாப்பா வண்டியை எடுத்துக்கொண்டு பாலத்து மேட்டில் ஓட்டிப் பார்க்கப் போனாள். டெஸ்டில் மேட்டு நடுவில் நிறுத்தி, பின்னால் உருளாமல் மறுபடி ஏற வேண்டும். போன தடவை அதில்தான் கோட்டை விட்டாள். திரும்பி வந்தபோது முகம் தொங்கிப்போயிருந்தது.

"மாமா, முறுக்கினா சத்தம் மட்டும்தான் வருது. ஏற மாட்டேங்குது."

"வண்டி தங்கம். உன் கைதான் சரியில்ல. கிளட்ச்சை முழுசா விடாம அரைகுறையாப் பிடிச்சிருப்ப."

விரல்களைப் பார்த்துக்கொண்டாள்.

மார்ச் 13, வெள்ளி

இன்றும் ஏறவில்லையாம். இன்றும் கைதான் என்றேன்.

மார்ச் 15, ஞாயிறு

அக்கா போன் பண்ணினாள். பாப்பா டெஸ்டுக்கே போகப் போவதில்லையாம். வேலையும் வேண்டாமாம். "என் கையே சரியில்லன்னு மாமாவே சொல்லிட்டாரும்மா" என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டாளாம்.

நான் சொன்னேனா? சொன்னேன். ரெண்டு தடவை சொன்னேன் —

நான் முதலையோட நீச்சல் போட்டி போட்டேன்னு சொன்னப்போ பாப்பா சிரிச்சா. மந்திரி என் கையைப் பிடிச்சு அழுதாருன்னு சொன்னப்போ எந்திரிச்சுப் போயே போயிட்டா. இத்தனை வருஷமா நான் சொன்ன எதையும் நம்பாதவ. இதை மட்டும் ஏன் நம்பினா?

மார்ச் 16, திங்கள்

நானே பார்த்துவிடுவது என்று வீட்டுக்காரியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு பாலத்துக்குப் போனேன். மேட்டில் முறுக்கினேன். வண்டி சிங்கமாகக் கத்தியது, நத்தையாக நகர்ந்தது. வீட்டுக்காரி இறங்கி நடந்தாள். உச்சியில் சுவரில் சாய்ந்துகொண்டு எனக்காகக் காத்திருந்தாள்.

"உன் எடைதான் காரணம்."

"நான் இறங்கி எவ்வளவு நேரமாச்சு? சரி, பாப்பா தனியாத்தானே போனா. அவ என்ன எடை?"

எடை போடுகிறவன் நான். வண்டியைத் திருப்பினேன்.

மார்ச் 17, செவ்வாய்

கடைக்கு லீவு சொல்லிவிட்டுத் தாடி மெக்கானிக்கிடம் வண்டியைக் கொண்டுபோனேன். அவனுக்கும் எனக்கும் ஆகாது. வண்டி டாக்டர் பேர் அவன் காதுக்கும் போயிருந்தது.

"வாங்க டாக்டர். எஞ்சினுக்கு என்ன குடுத்தீங்க?"

"நல்ல ஆயில்."

"அதுக்கு மேல?"

கூரையைப் பார்த்தேன். நல்ல கூரை.

ஆயிலை இரண்டு விரலில் தேய்த்துப் பார்த்துச் சிரித்தான். "கார்ல கிளட்ச் தனியா, காஞ்சு கிடக்கும். பைக்ல எஞ்சின் ஆயிலுக்குள்ளயே முங்கிக் கிடக்கும். அதுக்குள்ள இருக்குற தட்டெல்லாம் ஒண்ணையொண்ணு கவ்வினாத்தான் சக்கரம் சுத்தும். நீங்க கவ்வுற இடத்துல வழுக்க விட்டிருக்கீங்க."

"வழுக்குனா எஞ்சினுக்கு நல்லதுதானே?"

"எஞ்சினுக்கு நல்லதுதான். பல்லு வழுக்குனா நீங்க சாப்பிட முடியுமா?"

"பெட்ரோல்ல ஊத்தினேனே, அது?"

"அது சரிதான். அதோட கையைக் கழுவியிருக்கலாம்."

'அது சரிதான்' என்றதைத் தெருவில் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு சொன்னது எனக்குச் சரியாகக் கேட்கவில்லை.

ஆயிலை வடித்து, புது ஆயில் விட்டு ஓட்டி, அதையும் வடித்தான். கருகிப்போன தட்டுகளை மாற்றினான். சாயங்காலம் நேராக அக்கா வீட்டுக்கு ஓட்டிப் போனேன். வழி நெடுக நல்ல நல்ல கதையாகத் தோன்றியது. வண்டிக்கு விஷக்காய்ச்சல். பொறாமைக்காரன் எவனோ மண்ணைப் போட்டுவிட்டான். பாப்பாவைப் பழக்கத்தான் வேண்டுமென்றே அப்படி வைத்தேன்! கடைசிக் கதை எனக்கே பிடித்துப்போய்விட்டது.

கதவைத் திறந்தாள். கண் வீங்கியிருந்தது.

"பாப்பா, உன் கை நல்லாத்தான் இருக்கு. கோளாறு வண்டியில."

"வண்டிக்கு என்ன மாமா?"

"ஊத்தக் கூடாத மருந்தை ஊத்தியிருக்கு."

"யாரு ஊத்துனது?"

வாயில் மூன்று கதையும் தயாராக நின்றது. அவள் தன் விரல்களை மறுபடி பார்த்தாள்.

"நான்தான்டா. பாட்டில் முழுசா."

சிரிக்க ஆரம்பித்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். "என்ன நினைச்சு மாமா முழுசா ஊத்துனீங்க?" மீதிப் பாட்டிலைப் பார்த்துப் பாவப்பட்டதைச் சொன்னேன். அக்காவும் சேர்ந்துகொண்டாள். இவ்வளவு உண்மைக்கு இவ்வளவு சிரிப்பா? முதலைக் கதைக்குக்கூட இதில் பாதி வரவில்லை.

மார்ச் 18, புதன்

பாலம். நான் கீழே நின்றேன். தட்டுகள் இப்போது நன்றாகக் கவ்வுவதால் முதல் தடவை வண்டி துள்ளி அணைந்துவிட்டது. என்னைத் திரும்பிப் பார்த்தாள். வாயைக் கையால் பொத்திக் காட்டினேன், நான் ஒன்றும் சொல்ல மாட்டேன் என்று. அடுத்த தடவை கிளட்ச்சை மெதுவாக விட்டாள். ஏறிவிட்டாள்! மேட்டு நடுவில் நிறுத்தினாள். ஒரு விரல்கடை உருளவில்லை. மறுபடி ஏறினாள்.

மார்ச் 20, வெள்ளி

பாஸ்!!!

கம்பி வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன். அதிகாரி மேட்டில் கையைக் காட்டி நிறுத்தினார். நான் பயப்படுவது பக்கத்தில் நின்றவருக்குத் தெரியக் கூடாது என்று செருப்பு வாரைச் சரிசெய்கிற மாதிரி உட்கார்ந்துகொண்டேன். கையை அசைத்தார். வண்டி தண்ணீர் மாதிரி மேலே போனது. அதிகாரி கைதட்டினார். தட்டவில்லைதான், ஆனால் தட்டுகிற முகம்.

மார்ச் 22, ஞாயிறு

பக்கத்து வீட்டுக்காரர் கேட்டார், "டாக்டர், அந்தத் தங்கப் பாட்டில் எங்கே கிடைக்கும்?"

"நம்ம வண்டிக்கு அது ஆகாது. கிளட்ச் போயிடும்."

"நீங்க ஊத்துனீங்களே?"

"அதனாலதானே சொல்றேன்."

ஏப்ரல் 6, திங்கள்

பாப்பாவுக்கு இன்று வேலையில் முதல் நாள். வண்டியை அவளிடமே விட்டுவிட்டேன். டேங்குக்கு ஒரு மூடி மட்டும் என்று நான் சொல்ல வாயெடுப்பதற்குள், பெட்ரோல் மருந்துப் பாட்டிலில் இருந்த பொடி எழுத்து மொத்தத்தையும் உரக்கப் படித்துக் காட்டிவிட்டுத்தான் கிளம்பினாள்.

நான் பஸ்ஸில் போனேன், ஜன்னல் ஓரம். பாலத்து மேட்டில் பஸ் முக்கி முனகி ஏறும்போது ஒரு பைக் எங்களைத் தாண்டிப் போனது. பின்னால் ஊசி மருந்துப் பெட்டி. சத்தம் கேட்டதுமே தெரிந்துவிட்டது யார் என்று.

பக்கத்து சீட்டுக்காரரைத் தட்டி எழுப்பினேன்.

"அது என் அக்கா பொண்ணு."

அவர் மீதியைக் கேட்கக் காத்திருந்தார். மீதி ஒன்றும் இல்லை. அவ்வளவேதான் சொன்னேன்.