சுகமாயிருக்கிற நாலு குதிரைகள்

அக்டோபர் 14, திங்கள்

காலையிலிருந்து மூட்டம். மலை தெரியவில்லை. மழை வரவும் இல்லை, விலகவும் இல்லை.

ஸ்ரீவில்லிபுத்தூர், பாய் லாயம். ஐந்தாவது முறை. கல்யாண ஊர்வலக் குதிரைகள் எட்டுக்கும் ரத்தம் எடுத்தாயிற்று. நாலு சொறி, நாலு சுகம். கண்மாய்ப் பக்கத்துப் பொடிக்கொசு இந்த மாதம் அதிகம். சொறி நாலும் பிடரியையும் வாலையும் தூணில் தேய்த்துத் தேய்த்துப் புண்ணாக்கி வைத்திருக்கின்றன. ஒரே கொசுதான் எட்டையும் கடிக்கிறது; நாலுக்கு மட்டும் ஒவ்வாமை. இரண்டு கூட்டத்தின் தட்டணுக்களும் ஒரே மாதிரி ஒன்றோடொன்று ஒட்டுகின்றனவா என்பதுதான் என் ஆராய்ச்சி. முதல் நாள் பாயிடம் இதைச் சொன்னபோது, "டெங்குல கொறையுமே, அதுவா? குதிரைக்கும் அது உண்டா?" என்றார்.

ராணி (வெள்ளை, சுகம்) தேவதானத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு இன்று விடியத்தான் திரும்பியதாம். சோர்ந்து நின்றது.

ஆட்டோவில் ராஜபாளையம். ரத்தத்தைக் குலுக்கக் கூடாது, ஐஸில் வைக்கவும் கூடாது. பெட்டி மடியில். ஒவ்வொரு வேகத்தடைக்கும் "மெதுவாண்ணே, மெதுவாண்ணே". கடைசியில் ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்து, "உள்ள என்னம்மா, முட்டையா?"

மதியம் லேப். சொறி நாலும் வழக்கம்போல்: ரத்தத்தில் சோதனை மருந்து விட்டதும் தட்டணுக்கள் மளமளவென்று ஒட்டி, கருவியில் கோடு மேலே ஏறியது. சுகத்தில் மூன்று வழக்கம்போல் மந்தம். ராணி மட்டும் சொறிக் குதிரை மாதிரி ஏறிவிட்டது.

என்ன காரணம்?
– ஆட்டோ குலுக்கல்
– ஊர்வலக் களைப்பு
– ராணிக்கும் சொறி ஆரம்பிக்கிறதோ
– நான்

தலைவலி. துவைத்த துணி எதுவும் காயவில்லை.

அக்டோபர் 15, செவ்வாய்

ஆராய்ச்சி வழிகாட்டி சார் போன். "ஒண்ணு தப்பிப் போறது சகஜம்மா. ராணியை விட்டுருங்க. நாலு தடவை எவ்வளவு அழகா வந்திருக்கு! நவம்பர் கடைசிக்குள்ள அத்தியாயம் என் மேசைக்கு வரணும்." அவருக்கு அவ்வளவு சந்தோஷம். துறைக் கூட்டத்தில் பேசியே விட்டார்.

பழைய நோட்டுகளைப் புரட்டினேன். ஊசி எடுத்தபின் எத்தனை நிமிடம் பஞ்சை அழுத்தினேன் என்று ஓரத்தில் குறிப்பது என் பழக்கம். சொறி: 1, 1, 2, 1. சுகம்: 4, 5, 4, 4. எல்லா முறையும் ஏறக்குறைய இப்படியே. நேற்று ராணி: 1.

சுகமான குதிரைக்கு ஏன் ரத்தம் நிற்க இவ்வளவு நேரம்? ஒரு வருஷமாக நானே எழுதியிருக்கிறேன், நானே பார்க்கவில்லை.

அக்டோபர் 17, வியாழன்

மழை. பஸ்ஸில் போனேன். எப்போதும் முந்தின நாள் போன் போட்டுவிட்டுப் போவேன், இன்று சொல்லவில்லை. பாய் ராணிக்கு முதுகு தேய்த்துக்கொண்டிருந்தார்.

"பாய், சுகமா இருக்கிற நாலுக்கும் ஏதாவது மருந்து குடுக்கிறியளா?"

"மருந்தா? அதுகளுக்கு எதுக்கு? நல்லாத்தான இருக்கு."

கொஞ்ச நேரம் தேய்த்தார். பிறகு அவரே, "நீங்க வாரேன்னு போன் பண்ணுத அன்னைக்கு மட்டும் சாயங்காலம் மாத்திரை குடுப்பேன். மறுநாள் ஊசி வலிக்கக் கூடாதுல்லா?"

தகர டப்பாவைத் திறந்து காட்டினார். ஆஸ்பிரின். ஒரு குதிரைக்குப் பத்து. பொடித்து, கருப்பட்டியில் உருட்டி.

"சொறிக் குதிரைக்கும் குடுத்தியளா?"

"அதுகளுக்கு எதுக்கு? அதுக நோவு தீரத்தான குத்துதிய, களிம்பும் தாரிய. இந்த நாலும் என்ன பாவம் பண்ணுச்சு? சும்மா நிக்கிறதப் போயி குத்துதோம். எனக்கு மனசு கேக்கலம்மா. அன்னைக்கு ராணி ஊருக்குப் போயிருந்துச்சு, அதுக்கு மட்டும் குடுக்க முடியல. வெறுமனே குத்து வாங்கிச்சு."

ஆஸ்பிரின் தட்டணுக்களை ஒட்டவிடாது; ஒட்டாவிட்டால் ரத்தமும் சீக்கிரம் நிற்காது. முதலாம் ஆண்டு படிக்கிற பிள்ளைக்கும் தெரியும். நான் ஒரு வருஷமாக அளந்தது ஒவ்வாமையை அல்ல, பாயின் மாத்திரையை.

என் முகத்தைப் பார்த்துப் பயந்துவிட்டார். "ஏதும் கெடுதலா டாக்டரம்மா? புள்ளைகளுக்கு ஒண்ணும் ஆயிராதுல்லா?"

"ஒண்ணும் ஆகாது பாய். இனிமே குடுக்காதிய."

கத்த வேண்டும்போல் இருந்தது. டீ வாங்கி வரச் சொன்னார். குடித்தேன்.

அக்டோபர் 18, வெள்ளி

குதிரைக்கு ஒன்றாக நிரப்ப வேண்டிய ஆராய்ச்சிப் படிவங்கள். 'கடந்த பதினைந்து நாளில் கொடுத்த மருந்து' என்று ஒரு கட்டம். சொறி நாலுக்கும் பாயிடம் கேட்டுக் கேட்டு எழுதியிருக்கிறேன். சுகம் நாலுக்கும் 'இல்லை'. ஒருமுறைகூடக் கேட்கவில்லை. வீட்டில் உட்கார்ந்து மொத்தமாக நிரப்பியது. ஒவ்வொரு முறையும். நேற்று முழுக்க பாய் மேல் இருந்த கோபம் இப்போது வேறு ஆள் மேல்.

ராத்திரி வீட்டுக்காரரிடம் சொன்னேன். சோற்றைப் பிசைந்துகொண்டே, "ஒனக்கும் பாய்க்கும் தவிர யாருக்குட்டி தெரியும்? பாய்க்கே என்னன்னு தெரியாது. பட்டத்த வாங்கு. பொறவு சரியா செஞ்சு பாத்துக்கோ" என்றார்.

பாதியில் எழுந்துவிட்டேன். கோபித்துக்கொண்டேன் என்று நினைத்திருப்பார். காலையில் பல் தேய்க்கும்போது நானும் அதையேதான் நினைத்தேன், அதுதான்.

மாத்திரை பட்ட தட்டணுக்கள் போய்ப் புதியவை வர இரண்டு வாரமாவது விட வேண்டும். பிறகு எட்டுக்கும் ஒருமுறை எடுத்துப் பார்க்கலாம். மாத்திரை இல்லாமலும் வித்தியாசம் வந்தால்? வரட்டும் ஆண்டவரே. ஜெபிக்கிற விஷயமா இது? வெட்கமாக இருந்தது. ஆனாலும் ஜெபித்தேன்.

அரிசி மாவு, சோப்பு, கரண்ட் பில்.

நவம்பர் 4, திங்கள்

நல்ல வெயில். லாயத்து வாசலில் இன்னும் வெடிக் காகிதம். குதிரைகள் தீபாவளிக்கு மிரண்டதைப் பற்றி பாய் நிறையச் சொன்னார். மாத்திரை கொடுக்கவில்லை என்று மட்டும் மூன்று தடவை சொன்னார்.

முதலில் சுல்தான் (சுகம்). பாய் அதன் கண்ணைப் பொத்திக்கொண்டு, தானும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். ஊசி இறங்கியதும் குதிரை சும்மா நின்றது. "ஸ்ஸ்" என்றது பாய்தான்.

பஞ்சை அழுத்திக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தேன். ஒரு நிமிடம். எடுத்துப் பார்த்தேன். நின்றிருந்தது. மற்ற மூன்றுக்கும் அப்படியே.

"பாத்தியளா, மாத்திரை இல்லாமலே எம்புட்டுச் சீக்கிரம் நின்னுட்டு!" பாய்க்கு ஒரே சந்தோஷம்.

"ஆமா பாய்."

அதற்குமேல் லேப் தேவையே இல்லை. இருந்தும் போனேன், பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு. எட்டுக் கோடும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறின. எது சொறி, எது சுகம், பெயர் பார்க்காமல் சொல்ல முடியாது.

லேப் வாசலில் நின்று சாருக்குப் போன். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார். "என்னம்மா, அத்தியாயம் ரெடியா?"

"படிவத்துல போட்ட அந்த 'இல்லை' எல்லாம் நான் கேக்காம எழுதினது சார்" என்றுதான் ஆரம்பித்தேன்.